மண்ணீரலுக்குக் கதிர்வீச்சு: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

கதிர்வீச்சுப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மார்பகத்துக்கு, தொண்டைக்கு, கர்ப்பப்பை வாய்க்கு என்று வருகிறவர்களுக்கு விவரம் சொல்ல ஊரில் நாலு பேராவது இருப்பார்கள். மண்ணீரலுக்கு என்று சீட்டு எழுதி வாங்கி வருகிறவர்களுக்கு அப்படி யாரும் இருப்பதில்லை. வருடத்துக்கு ஏழெட்டுப் பேர் வந்தாலே அதிகம். வருகிற ஒவ்வொரு குடும்பமும் ஒரே மாதிரி பயந்துபோய், ஒரே கேள்விகளைத்தான் கேட்கும்.

அவர்கள் கேட்டதையும், நான் சொன்ன பதில்களையும், எனக்கே சந்தேகம் வந்தபோது எங்கள் டாக்டர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டரின் சொல்தான் முடிவு. அவரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இது.

மண்ணீரல் எங்கே இருக்கிறது, சிஸ்டர்? கல்லீரலைத்தான் அப்படியும் சொல்கிறார்களா?

இல்லை, இரண்டும் வேறு. கல்லீரல் வலப்பக்கம். மண்ணீரல் இடப்பக்கம், கடைசி விலா எலும்புகளுக்கு உள்ளே, இரைப்பையை ஒட்டினாற்போல் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 150 கிராம் எடை. ஒரு கைப்பிடி அளவு. நலமாக இருக்கும்போது வயிற்றை எவ்வளவு அழுத்தினாலும் கைக்குத் தட்டுப்படாது.

அதன் வேலை ரத்தத்தைச் சலிப்பது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் ஓடியபின் தேய்ந்துபோகும். அதைப் பிடித்து உடைத்து, உள்ளே இருக்கும் இரும்பை உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பது மண்ணீரல். ரத்தத்தில் வரும் கிருமிகளையும் அது பிடிக்கும். நம் தட்டணுக்களில், அதாவது பிளேட்லெட்டுகளில், மூன்றில் ஒரு பங்கு எந்நேரமும் அங்கேதான் தங்கியிருக்கிறது. இந்தக் கடைசி விவரத்தை மட்டும் மறக்காதீர்கள், அடுத்த பதிலுக்கே தேவைப்படும்.

"மண்ணீரல் அதிகமாக வேலை செய்கிறது" என்றார் டாக்டர். ஓர் உறுப்பு அதிகமாக வேலை செய்தால் நல்லதுதானே?

மண்ணீரல் பெருக்கப் பெருக்க, அதற்குள் தேங்கும் ரத்தம் கூடுகிறது. தேய்ந்த அணுக்களோடு நல்ல அணுக்களும் மாட்டிக்கொள்கின்றன. மூன்றில் ஒரு பங்கு தட்டணுக்கள் தங்குமிடம் என்று சொன்னேன் அல்லவா, மிகவும் பெருத்த மண்ணீரல் பத்தில் ஒன்பது பங்கைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலும்பு மஜ்ஜை உற்பத்தி செய்துகொண்டுதான் இருக்கும். ஆனால் கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் 1.5 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய தட்டணு 60,000, 40,000 என்று வரும். சிவப்பணு குறைந்தால் அசதி, வெள்ளையணு குறைந்தால் அடிக்கடி காய்ச்சல்.

ஆக, பெருத்த மண்ணீரலால் வரும் தொல்லை இரண்டு வகை. ஒன்று எண்ணிக்கையால் வருவது, இப்போது சொன்னேன். மற்றொன்று அளவால் வருவது: அரை தோசையிலேயே வயிறு நிரம்பிவிடும், இடப்பக்கம் இழுத்துப் பிடிக்கும், குனிந்தால் மூச்சு முட்டும், ஒருக்களித்துப் படுக்க முடியாது. கதிர்வீச்சு இந்த இரண்டில் எதற்காக என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அளவுத் தொல்லையை அது பெரும்பாலும் தணிக்கும். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அப்படி உறுதி சொல்ல முடியாது. இந்த வித்தியாசம் புரியாததால்தான் பல குடும்பங்கள் நடுவில் மனம் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சொட்டுக்கூடக் குடிக்காதவர். அவருக்கு எப்படி வந்தது?

குடி ஒரு காரணம் மட்டுமே. கல்லீரல் சுருங்கி இறுகினால் அதற்குள் போகும் ரத்தம் பின்தங்கி மண்ணீரலில் தேங்கும். அந்தச் சுருக்கம் மஞ்சள் காமாலைக் கிருமிகளாலும் கொழுப்பு படிவதாலும்கூட வரும். கல்லீரலுக்குப் போகும் பெரிய நாளம் சிறுவயதிலேயே அடைபட்டவர்களும் உண்டு. மலேரியா, பீகார் பக்கம் அதிகம் இருந்த காலா ஆசார் என்ற ஒட்டுண்ணிக் காய்ச்சல், பிறவியிலேயே சிவப்பணு சரியாக உருவாகாத தலசீமியா, நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்கள், சில நிணநீர்ப் புற்றுநோய்கள், எலும்பு மஜ்ஜை நாராக இறுகிப்போகும் மயலோஃபைப்ரோசிஸ் என்று பட்டியல் நீளும்.

காரணம் எதுவென்று தெரியாமல் கதிர்வீச்சுக்கு அனுப்ப மாட்டார்கள். மலேரியாவோ காலா ஆசாரோ என்றால் மருந்திலேயே மண்ணீரல் சுருங்கிவிடும், எங்கள் பிரிவுக்கு வரவே வேண்டியதில்லை. எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மயலோஃபைப்ரோசிஸ்காரர்களும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்காரர்களும்தான்.

கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். உடம்புக்குள் மின்சாரம் பாய்ச்சுவார்களா?

"கரண்ட் வைப்பது" என்பது நம் ஊர்ப் பேச்சு. மின்சாரம் உங்கள் உடம்பைத் தொடுவதே இல்லை. எக்ஸ்ரே படம் எடுப்பதும் இதுவும் ஒரே குடும்பம், வலிமைதான் வேறு. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இயந்திரத்திலிருந்தோ கோபால்ட் இயந்திரத்திலிருந்தோ கதிர் வரும், தோலைக் கடந்து மண்ணீரலில் படும். ஷாக் அடிக்காது, சூடு தெரியாது. முதல் நாள் மேசையில் படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எல்லாம் முடிந்தபின்னும் "எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

கரண்ட் புற்றுநோய்க்குத்தானே வைப்பார்கள்? எங்களிடம் எதையோ மறைக்கிறார்களா?

இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மகனோ மருமகளோ கேட்பார்கள். உண்மையான பதில் நோயைப் பொறுத்தது. நாள்பட்ட ரத்தப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் பெயரிலேயே தெரிகின்றன. மயலோஃபைப்ரோசிஸும் மருத்துவ வகைப்பாட்டில் ரத்தப் புற்றுநோய்க் குடும்பத்தில்தான் சேரும். கட்டி மாதிரி ஓரிடத்தில் இருந்து பரவுவதில்லை, பலருக்குப் பல ஆண்டுகள் மெதுவாகப் போகும். கல்லீரல் சுருக்கத்தால் பெருத்த மண்ணீரல் புற்றுநோய் அல்ல.

நோயின் பெயரைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. நோயாளியிடம் மறைத்து நடத்திய சிகிச்சைகளில் நான் பார்த்த மிச்சம் சந்தேகம் மட்டுமே. ஒவ்வொரு மாத்திரையையும் அவர்கள் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொண்டையில் 33 நாள் வைத்தார்கள். எங்களுக்கு எட்டே தடவை, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். குறைத்து வைக்கிறார்களா?

ஆமாம், வேண்டுமென்றேதான் குறைத்து வைக்கிறார்கள். கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். தொண்டைப் புற்றுக்கு நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 33 நாள், மொத்தம் 66 கிரே வைப்பது வழக்கம். மண்ணீரலுக்கு ஒரு தடவைக்கு கால் கிரே, அரை கிரே, மிஞ்சினால் 1 கிரே. மொத்தம் சேர்த்தாலும் பெரும்பாலும் 10 கிரேயைத் தாண்டாது. பலருக்கு 3, 4 கிரேயிலேயே முடிந்துவிடும். கால் கிரே வீதம் என்றால், உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே நாளில் வைத்ததை உங்களுக்கு எட்டுத் தடவையாகப் பிரித்து வைக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. தொண்டையில் அழிக்க வேண்டியது கெட்டியான கட்டி. மண்ணீரலில் நிறைந்திருப்பது ரத்த அணுக்களும் அவற்றின் குஞ்சுகளும். கதிருக்கு மிகச் சீக்கிரம் மடிகிறவை அவைதான், அதிலும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான நிணவணுக்கள் மிக மென்மையானவை. உடம்பின் ரத்தம் முழுவதும் மண்ணீரல் வழியாக ஓடிக்கொண்டே இருப்பதால், அங்கே வைக்கும் கதிர் உடம்பெங்கும் எண்ணிக்கையை அசைத்துவிடும். ஆகவே கொஞ்சமாக வைத்து, பார்த்து, பிறகு மீண்டும் கொஞ்சம் என்று போவார்கள். இடைவெளி விடுவது அந்தப் பார்வைக்காக.

ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுக்கிறார்கள். இருக்கிற ரத்தமே குறைவு, இதில் தினமும் உறிஞ்ச வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால், இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். மண்ணீரல் கதிர்வீச்சில் இயந்திரத்தைவிட முக்கியம் அன்று காலை எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் இன்று வைக்கலாமா, பாதி அளவு வைக்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று டாக்டர் முடிவெடுப்பார். எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்துவது என்று அவர் முன்கூட்டியே குறித்திருப்பார். அது என்ன எண் என்று கேட்டு நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். எடுக்கும் ரத்தம் இரண்டு மூன்று மில்லி, அரைத் தேக்கரண்டிதான். அதனால் ரத்தம் குறையாது.

எவ்வளவு சின்ன அளவு என்று சொன்னேனோ, அவ்வளவு சின்ன அளவே சிலருக்கு அதிகமாகிவிடும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மயலோஃபைப்ரோசிஸ் நோயாளிகள் 23 பேரின் அனுபவத்தை 1998-இல் வெளியிட்டது. ஒரு சுற்றுக்கு நடுவாக 3 கிரேக்கும் குறைவுதான் கொடுத்திருந்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் மண்ணீரல் சுருங்கியது. ஆனால் 10 பேருக்கு ரத்த அணுக்கள் இறங்கின, 6 பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கின, 3 பேர் தொற்றாலோ ரத்தக்கசிவாலோ இறந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "நேற்று முன்தினம்தானே எடுத்தார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இன்றைக்கு விட்டுவிடுங்கள்" என்று கெஞ்சுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

கடைசித் தடவை முடிந்த பிறகும் எண்ணிக்கை சில வாரங்கள் இறங்கிக்கொண்டே போகலாம். சிகிச்சை முடிந்துவிட்டது என்று ஊருக்குப் போய்விட்டு ரத்தப் பரிசோதனையை மறந்துவிடாதீர்கள். உள்ளூர்ப் பரிசோதனை நிலையத்திலேயே எடுத்து, சீட்டைப் படம்பிடித்து அனுப்பினாலும் போதும். எந்த ஃபோன் எண்ணுக்கு அனுப்புவது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

உள்ளே கூட்டிப்போய் என்ன செய்வார்கள்? கூட யாராவது இருக்கலாமா?

முதலில் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்து, மண்ணீரல் எதுவரை வந்திருக்கிறது, இடது சிறுநீரகமும் இரைப்பையும் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பார்கள். தோலில் மையால் கோடு போடுவார்கள். குளிக்கும்போது அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் கடினமான மேசையில் மல்லாந்து படுக்க வேண்டும், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்வார்கள். கதிர் வரும் நேரம் ஓரிரு நிமிடங்கள், சாதாரணமாக மூச்சு விடலாம். அப்போது அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது, ஆனால் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்போம். கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிட்டு ஓடிவருவோம். இடுப்பு வலி உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்போம்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் வயிற்றைத் தடவி, மண்ணீரலின் கீழ் விளிம்பு எங்கே தட்டுப்படுகிறதோ அங்கே பேனாவால் ஒரு வளைகோடு போட்டுத் தேதி எழுதுவார். முதல் கோடு தொப்புளுக்கும் கீழே இருக்கும். அடுத்த வாரக் கோடு இரண்டு விரல் மேலே ஏறியிருக்கும். நோயாளிகள் வீட்டில் கண்ணாடி முன் நின்று அந்தக் கோடுகளை எண்ணிப் பார்ப்பார்கள். மண்ணீரல் சுருங்குவதற்கேற்பக் கதிர் விழும் பரப்பையும் குறைக்க வேண்டும், அதற்கும் அந்தக் கோடு உதவும்.

எத்தனை நாளில் தெரியும்? ஒருமுறை சுருங்கினால் அப்படியே இருக்குமா?

வலியும் இழுப்பும் சிலருக்கு மூன்று நான்கு தடவையிலேயே தணியத் தொடங்கும், அளவு குறைவது அதற்குப் பின்னால் வரும். முழுதாகப் பழைய 150 கிராமுக்குப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் நோயைக் கதிர் தீர்க்கவில்லை என்பதால் மண்ணீரல் மறுபடி வளரும். மேலே சொன்ன மேயோ கணக்கில் பலன் நீடித்த காலம் நடுவாக 6 மாதம். ஒரே மாதத்தில் போனதும் உண்டு, மூன்று ஆண்டுக்கு மேல் நின்றதும் உண்டு.

முடி கொட்டுமா? வாந்தி வருமா? என்ன சாப்பிடலாம்?

தலையில் கதிர் படவில்லை, முடி கொட்டாது. இரைப்பையை ஒட்டி இருப்பதால் குமட்டல் வரலாம், முன்கூட்டியே மாத்திரை தருவார்கள். சிலருக்கு இரண்டு மூன்று நாள் அசதி இருக்கும். வயிறு சீக்கிரம் நிரம்பிவிடுவதால் மூன்று வேளையை ஆறாகப் பிரித்துக் கொடுங்கள். வெள்ளையணு மிகவும் அதிகமாக உள்ள ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அணுக்கள் கூட்டமாக உடைவதால் யூரிக் அமிலம் ஏறும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் ஒரு மாத்திரை தருவதும் அதற்காகத்தான்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, மகள் முழுகாமல் இருக்கிறாள். தனித் தட்டு, தனிப் படுக்கை வேண்டுமா?

வேண்டாம். இயந்திரம் நின்றதும் கதிர் நின்றுவிடுகிறது, நோயாளியின் உடம்பில் எதுவும் தங்குவதில்லை. பேரனை மடியில் வைத்துக் கொஞ்சலாம். ஆனால் சிகிச்சை பெறுகிறவரே கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் அதை முதல் நாளே, கூச்சப்படாமல் சொல்லியாக வேண்டும்.

கரண்ட் வைத்தால் தட்டணு ஏறும் என்று நினைத்தோம். எங்கள் மாமாவுக்கு இறங்கிவிட்டது. தவறு செய்துவிட்டார்களா?

தவறு இல்லாமலும் இது நடக்கும். மண்ணீரல் அணுக்களைப் பிடித்து வைத்திருந்ததுதான் குறைவுக்குக் காரணம் என்றால், அது சுருங்கியதும் எண்ணிக்கை ஏறும். நாள்பட்ட நிணவணுப் புற்றுநோயிலும் சில நிணநீர்ப் புற்றுநோய்களிலும் அப்படி ஏறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மயலோஃபைப்ரோசிஸில் கதை வேறு. கருவில் இருந்தபோது நம் எல்லோருக்குமே மண்ணீரலும் ரத்தம் செய்தது. பிறகு அந்த வேலை மஜ்ஜைக்குப் போனது. மஜ்ஜை நாராக இறுகிப்போனால் மண்ணீரல் பழைய தொழிலை மறுபடி கையில் எடுக்கிறது. அப்போது அது பிடித்து வைக்கும் இடம் மட்டுமல்ல, உற்பத்தி செய்யும் இடமும்கூட. கதிர் இரண்டையும் சேர்த்தே அடிக்கிறது. அதனால்தான் டாக்டர்கள் சிகிச்சைக்கு முன் மஜ்ஜை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள், முதல் தடவையைக் கால் கிரேயில் தொடங்குகிறார்கள். மாமாவுக்கு எந்த நோய் என்று பார்த்தால் உங்களுக்கே விடை கிடைத்துவிடும்.

எட்டுத் தடவை எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்தோடு நிறுத்திவிட்டார்கள். பாதியில் விட்டால் நோய் முற்றிவிடாதா?

தொண்டைக்கோ கர்ப்பப்பை வாய்க்கோ வைக்கும்போது ஒருநாள்கூட விடக் கூடாது என்று நாங்களே விரட்டுவோம். அதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது விபரீதமாகத் தெரியும். மண்ணீரலில் எழுதிய எண்ணிக்கை ஒரு உத்தேசம்தான். தொல்லை தணிந்துவிட்டால் மிச்சத்தை வைக்க வேண்டியதில்லை. ரத்தச் சீட்டு கீழே போனாலும் வைக்கக் கூடாது. இரண்டில் எதற்காக நிறுத்தினார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

தொல்லைதானே கொடுக்கிறது, எடுத்து எறிந்துவிட்டால் என்ன? மண்ணீரல் இல்லாமல் வாழலாமாமே?

வாழலாம். விபத்தில் மண்ணீரல் கிழிந்து, அதை எடுத்துவிட்டு நன்றாக இருப்பவர்கள் உண்டு. தாங்கக்கூடிய உடம்பு என்றால் அறுவை நிலைத்த பலன் தரும், எண்ணிக்கையும் ஏறும். ஆனால் கிருமியைப் பிடிக்கும் உறுப்பு போய்விடுவதால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகள் சில மணி நேரத்தில் உயிருக்கு உலை வைக்கும். அதற்கான தடுப்பூசிகளை அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் போட வேண்டும், வாழ்நாள் முழுக்க எந்தக் காய்ச்சலையும் அலட்சியம் செய்யக் கூடாது. மயலோஃபைப்ரோசிஸ்காரர்களுக்கு அறுவையே ஆபத்து. ரத்தக்கசிவு, ரத்தக்கட்டு, தொற்று மூன்றும் காத்திருக்கும். கதிர்வீச்சுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த அறுவையைத் தாங்க முடியாதவர்கள்.

இடையில் ஒரு வழியும் உண்டு. தொடை நாளம் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்க் கிளைகளில் சிலவற்றை மட்டும் அடைத்துவிடுவார்கள். அடைபட்ட பகுதி வாடிப்போகும், மிச்சம் வேலை செய்யும். சில நாள் கடும் வலியும் காய்ச்சலும் இருக்கும்.

கதிர்வீச்சு பெற்ற மண்ணீரலைப் பின்னாளில் எடுக்க வேண்டி வந்தால், அறுவை டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவையில் ரத்தக்கசிவு கூடுதலாக இருந்திருக்கிறது.

இப்போது மாத்திரையிலேயே சுருங்குகிறதாமே? பிறகு எதற்கு இந்தப் பழைய வைத்தியம்?

பழைய வைத்தியம் என்பது உண்மைதான். ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895-இல். எட்டே ஆண்டில், 1903-இல், சிகாகோவின் அறுவை மருத்துவர் நிக்கோலஸ் சென் மண்ணீரல் பெருத்த ரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்கு அந்தக் கதிரைக் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதினார். அடுத்த ஐம்பது ஆண்டு நாள்பட்ட மயலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு மண்ணீரல் கதிர்வீச்சுதான் பெரிய கைகண்ட சிகிச்சை. 1953-இல் பூசல்ஃபான் மாத்திரை வந்தது. இரண்டையும் ஒப்பிட்டு பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1968-இல் வெளியிட்ட முடிவில், மாத்திரை பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். 2001-இல் இமாட்டினிப் மாத்திரை வந்தபின் அந்த நோய்க்குக் கதிர்வீச்சு ஏறக்குறைய மறந்தே போயிற்று. மயலோஃபைப்ரோசிஸுக்கு 2011-இல் ரக்சோலிட்டினிப், பிறகு அதே வகையில் வேறு சில மாத்திரைகள் வந்திருக்கின்றன. உங்கள் நோயாளிக்கு அவை ஒத்துக்கொள்ளும் என்றால் அவைதான் முதலில்.

அப்படியும் எங்கள் பிரிவுக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மாத்திரை கேட்காதவர்கள், கேட்டும் தட்டணு விழுந்ததால் நிறுத்தியவர்கள், விலை கட்டுப்படியாகாதவர்கள், அறுவைக்குத் தாங்காதவர்கள். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முன் மண்ணீரலைச் சுருக்குவதற்காகச் சிலரை அனுப்புவதும் உண்டு. ரக்சோலிட்டினிப் சாப்பிடுகிறவர்கள் கதிர்வீச்சுக்காகத் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் காய்ச்சலும் அசதியும் வீக்கமும் ஒரேயடியாகத் திரும்பும். குறைப்பதா, தொடர்வதா என்பதை இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும்.

அப்பாவுக்குக் கல்லீரல் சுருக்கம். மண்ணீரல் பெரிது, தட்டணு 55,000. அவருக்கும் வைக்கலாமா?

கல்லீரல் சுருக்கத்தில் இது வழக்கமான தேர்வு அல்ல. ரத்தம் தேங்குவதற்குக் காரணம் கல்லீரலின் இறுக்கம். மண்ணீரலைச் சுட்டால் அந்த அழுத்தம் போகாது. அவருக்கு உண்மையான ஆபத்து உணவுக்குழாயில் புடைத்திருக்கும் நாளங்கள் வெடிப்பது. எண்டோஸ்கோப்பி பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், தேவையென்றால் நாளங்களில் வளையம் போடுவார்கள். 55,000 என்ற எண்ணோடு ரத்தம் வடியாமல் பலர் ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறார்கள். பல் பிடுங்கவோ அறுவை செய்யவோ வேண்டி வந்தால், தற்காலிகமாகத் தட்டணுவை ஏற்றும் மாத்திரைகளும் இருக்கின்றன. எண்ணை மட்டும் பார்த்துப் பதறி, கதிர்வீச்சு கேட்டுப் போக வேண்டாம்.

மகளுக்கு ஒன்பது வயது, தலசீமியா. வயிற்றைக் கீறுவதற்குப் பதில் கரண்ட் வைக்கச் சொல்லலாமா?

வேண்டாம், தாயே. குழந்தைக்கு இன்னும் நீண்ட வாழ்க்கை இருக்கிறது. கதிர்வீச்சால் பல ஆண்டுகள் கழித்து வேறொரு புற்றுநோய் வரும் வாய்ப்பு, வயது குறையக் குறையக் கூடும். எழுபது வயதுக்காரருக்கு நாங்கள் பொருட்படுத்தாத அந்தக் கணக்கு உங்கள் மகளுக்கு மிகப் பெரிது. முறையாக, இடைவெளி தவறாமல் ரத்தம் ஏற்றினாலே மண்ணீரல் பெருப்பது பெரிதும் மட்டுப்படும். அப்படியும் முடியாவிட்டால் தடுப்பூசிகளைப் போட்டுவிட்டு அறுவைதான்.

மறுபடி வீங்கினால் இரண்டாவது முறை வைக்கலாமா?

வைக்கலாம், வைத்திருக்கிறோம். மொத்த அளவு சிறியது என்பதால் சிறுநீரகத்தின் தாங்கும் எல்லைக்குள் இடம் இருக்கும். தடையாக நிற்பது அப்போதைய ரத்த எண்ணிக்கைதான். முதல் சுற்றின் கதிர்வீச்சுக் குறிப்பைத் தொலைக்காமல் வைத்திருங்கள். மருத்துவமனை மாறினால் அது இல்லாமல் கணக்குப் போட முடியாது.

செலவு எவ்வளவு ஆகும்?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை சேர்ந்திருக்கிறது. குடும்ப அட்டை, ஆதாருடன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். தொடங்கிய பிறகு அனுமதி வாங்குவது கடினம்.

நடுராத்திரியில் எது நடந்தால் உடனே ஓடிவர வேண்டும்?

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூக்கிலோ ஈறிலோ நிற்காத ரத்தம், கருப்பு மலம், காலில் திடீரென்று முளைக்கும் சிவப்புப் புள்ளிகள், தாங்க முடியாத தலைவலி இவற்றுக்கும் அப்படியே. இடப்பக்க வயிற்றில் திடீரென்று கடும் வலி வந்து இடது தோளுக்கு ஏறினால், மண்ணீரலில் கிழிசலோ ரத்தம் போகாமல் ஒரு பகுதி செத்ததோ இருக்கலாம். பெருத்த மண்ணீரல் விலா எலும்பின் காவலை விட்டு வெளியே தொங்கும் உறுப்பு. பைக்கின் பின்னால் குழிச்சாலையில் கூட்டிவராதீர்கள்.

உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், ப்ரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், தட்டணு குறைந்தவர்களுக்கு அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

அம்மாவுக்கு 78 வயது. நோய் தீராது என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதத்துக்காக அலைக்கழிக்க வேண்டுமா, சிஸ்டர்?

உங்கள் அம்மாவிடமே கேளுங்கள். "சிகிச்சை செய்யட்டுமா?" என்று கேட்டால் பிள்ளைகளுக்குச் செலவு என்று வேண்டாம் என்றுதான் சொல்வார். எது மிகவும் கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். சாப்பிட முடியவில்லை, படுக்க முடியவில்லை, வலிக்கிறது என்றால் அதற்கு இது உதவக்கூடியது. அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் அது எண்ணிக்கைத் தொல்லை. இரண்டாவது கேள்விக்கான பதிலை மறுபடி படித்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். வாரம் மூன்று நாள் பயணமே அவரை வதைக்கும் என்றால், தடவைகளைக் குறைத்து வைக்க முடியுமா, வலி மருந்தோடு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்கலாம். வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பங்களை நான் ஒருநாளும் குறையாகப் பார்த்ததில்லை.

ஒருவரைச் சொல்கிறேன். தறி நெய்தவர், எழுபத்து நான்கு வயது, மயலோஃபைப்ரோசிஸ். மண்ணீரல் இடுப்பெலும்பு வரை இறங்கியிருந்தது. முதல் நாள் மனைவி டிபன் பாக்ஸில் கொண்டுவந்த இரண்டு இட்லியில் அரை இட்லியோடு கையைக் கழுவிவிட்டார். ஆறு தடவை வைத்தோம். நடுவில் தட்டணு இறங்கி ஒரு வாரம் நிறுத்தினோம், இரண்டு பை தட்டணு ஏற்ற வேண்டியிருந்தது. வயிற்றில் போட்ட கோடு நான்கு விரல் மேலே ஏறியது. ஐந்தாம் மாதம் மண்ணீரல் மறுபடி இறங்கத் தொடங்கியது, அடுத்த சுற்றுக்கு ரத்தம் இடம் கொடுக்கவில்லை. குறிப்பேட்டை வாங்கிப்போக அவர் மனைவி மட்டும் வந்திருந்தார். எப்படி இருந்தார் என்று கேட்டேன். ஒரு வருஷமாகச் சுவரில் சாய்ந்துதான் தூங்குவார், சித்திரை வரைக்கும் இடப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினார் என்றார்.